சைபர் தாக்குதல் நடந்த பிறகு: பால் சொசைட்டி மேசையிலிருந்து சர்வதேசச் சட்டம் வரை

"எந்த நாட்டுக்காரன் செய்தது?" கம்ப்யூட்டர் முடங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சீனாவா, பாகிஸ்தானா, ரஷ்யாவா என்று வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு பேர் ஓடும், கம்ப்யூட்டர் தெரிந்த பையன்கள் இரண்டு பேர் "பதிலுக்கு நாமும் உள்ளே புகுந்து காட்டலாம்" என்று கிளம்புவார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் முதல் நாளில் அதற்கான பதில் யார் கையிலும் இருக்காது. முதல் நாளில் நம் கையில் இருப்பது தடயம் மட்டுமே. அதை எப்படிக் காப்பாற்றுவது, யாரிடம் எந்த வரிசையில் கொடுப்பது, அது போலீஸ், மத்திய அரசு, வெளிநாடு என்று போகும்போது சர்வதேசச் சட்டம் எங்கே உள்ளே வருகிறது, எங்கே வராது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாலக்காடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் கடை, மில், சொசைட்டி, தேங்காய்நார் ஏற்றுமதி என்று நடத்துகிறவர்களை மனதில் வைத்து எழுதுவது. ஆந்திர எல்லையில் நகரி, குப்பம் பக்கத்துக்காரர்களுக்கும் மாநிலப் பேரை மாற்றிக்கொண்டால் அப்படியே பொருந்தும்.

நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறது என்று நினைப்பவர்கள் 2017-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், கிளம்பி ஏறக்குறைய 150 நாடுகளுக்குப் பரவியது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள் முடங்கியதை எல்லா டிவியும் காட்டின. அதே நாட்களில் வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும், பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும், ஆந்திர போலீஸின் கணினிகளும் அதில் மாட்டின. அவர்களைக் குறிவைத்து யாரும் அனுப்பவில்லை. பழைய விண்டோஸில் ஓட்டை அடைக்கப்படாமல் இருந்தது, அது தானாக நுழைந்தது, அவ்வளவுதான்.

முதல் ஒரு மணி நேரம்

ஒரு பால் சொசைட்டியை எடுத்துக்கொள்வோம். காலை ஐந்தரை மணி, கேன்கள் வரிசையில் நிற்கின்றன, செக்ரட்டரி கம்ப்யூட்டரைத் திறக்கிறார். பால் ஊற்றுகிறவர்களின் கணக்கு இருக்கும் ஃபைல் ஒவ்வொன்றும் பெயர் மாறி, பின்னால் புரியாத நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு நோட்பேட் ஃபைல், அதில் ஆங்கிலத்தில் பணம் கேட்டு சில வரிகள். கம்ப்யூட்டர் பார்க்கும் பையனுக்கு ஃபோன் போடுகிறார்: "ஏனுங் தம்பி, ஒரு ஃபைலும் தொறக்க மாட்டேங்குதுங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கட்டுங்களா?"

வேண்டாம். முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், பேக்கப் ஹார்ட் டிஸ்க் குத்தியிருந்தால் அதைக் கழற்றுங்கள். கணினியில் கூகுள் டிரைவ் மாதிரி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், பூட்டப்பட்ட ஃபைல்கள் நல்ல பிரதிகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டே இருக்கும், வயரைப் பிடுங்கினால்தான் அது நிற்கும். ஆனால் கணினியை அணைக்காதீர்கள். அணைத்தால் மெமரியில் இருப்பது அத்தனையும் போய்விடும், சில சமயம் ஃபைல்களின் பூட்டைத் திறக்கும் சாவியே அங்கேதான் இருக்கிறது. வானாக்ரை சமயத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதிய கருவி ஒன்று, தாக்குதலுக்குப் பிறகு ரீஸ்டார்ட் செய்யாத பழைய விண்டோஸ் கணினிகளில் மெமரியைத் தேடி சாவியைத் திரும்ப உருவாக்கிக் கொடுத்தது. ரீஸ்டார்ட் செய்தவர்களுக்கு அந்த வழி அடைந்துபோனது. நெட்வொர்க்கைத் துண்டிக்க வழியே இல்லை, ஃபைல்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போகின்றன என்றால் மட்டும் பவரை எடுங்கள்.

ரவுட்டர் விஷயத்தில் ஒரு சின்ன ஜாக்கிரதை. பெரும்பாலான ரவுட்டர்களில் கரண்டை எடுத்தால் உள்ளே இருக்கும் லாக், அதாவது இணைப்புகளின் பதிவு, அழிந்துவிடும். அதனால் வெளியே போகும் இணைய வயரை மட்டும் கழற்றிவிட்டு, பாதிக்கப்படாத ஒரு லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்குள் நுழைந்து லாக் பக்கத்தை முழுவதும் சேமியுங்கள், முடியாவிட்டால் திரையைப் படமாவது எடுங்கள். எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எத்தனை மணிக்கு யார் வந்தார்கள் என்பதற்கு சின்ன ஆபீஸில் இருக்கும் ஒரே சாட்சி அது.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து, கைப்படவே எழுதுங்கள். எத்தனை மணிக்கு முதலில் கவனித்தோம், யார் கவனித்தார்கள், திரையில் என்ன இருந்தது, என்ன கழற்றினோம், யாருக்கு ஃபோன் செய்தோம். கணினி காட்டும் நேரத்துக்கும் ஃபோனில் இருக்கும் நேரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அதையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் உங்கள் லாக்கை வேறொரு நாட்டில் இருக்கும் சர்வரின் லாக்கோடு ஒப்பிடும்போது சில நிமிஷ வித்தியாசம்கூட தப்பான ஆளைக் காட்டிவிடும். பணம் கேட்கும் அந்த நோட்பேட் ஃபைலை அழிக்காதீர்கள். பூட்டப்பட்ட ஃபைல் இரண்டு மூன்றைத் தனியாக ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சந்தேகத்துக்குரிய மெயில் இருந்தால் ஃபார்வர்டு செய்யாமல், அது வந்த வழியைக் காட்டும் முழு ஹெடரோடு டவுன்லோடு செய்யுங்கள், ஃபார்வர்டு செய்தால் வழித்தடம் மாறிப்போகும்.

இந்த நேரத்தில்தான் யாராவது வந்து "ஃபார்மட் அடிச்சுடலாம்ணே, அரை மணி நேரத்துல ரெடி" என்பார். நல்ல மனசோடுதான் சொல்வார். தயவுசெய்து விடாதீர்கள். இன்றைக்கே வேலை ஓட வேண்டும் என்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பேப்பரில் சுற்றி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வையுங்கள். புதிய டிஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை பால் கணக்கை நோட்டில் எழுதினால் போதும், பத்து வருஷம் முன்னால் வரைக்கும் பல இடங்களில் அப்படித்தான் எழுதினோம்.

ஆறு மணி நேரக் கணக்கு

இந்தியாவில் சைபர் சம்பவங்களைக் கையாளும் தேசிய அமைப்பு செர்ட்-இன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 70பி பிரிவின் கீழ் அது 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். இது பெரிய ஐடி கம்பெனிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வியாபாரம் செய்யும் எந்த நிறுவனமும் இதில் அடங்கும், ஒற்றை ஆள் நடத்தும் ஏற்றுமதிக் கடைகூட. 1800-11-4949 என்ற இலவச எண்ணில் சொல்லலாம், மெயிலிலும் அனுப்பலாம், அவர்கள் தளத்தில் அதற்கான படிவம் இருக்கிறது. எல்லா விவரமும் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தெரிந்ததை முதலில் அனுப்புங்கள், மீதியைப் பிறகு சேர்க்கலாம். அதே உத்தரவு லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கவும், கணினிக் கடிகாரங்களை அரசின் நேர சர்வர்களோடு ஒத்துப்போகும்படி வைக்கவும் சொல்கிறது. மேலே நேர வித்தியாசத்தைப் பற்றிச் சொன்னேனே, இந்த உத்தரவுக்கும் காரணம் அதுதான்.

என்ன எழுத வேண்டும்? நடந்ததை மட்டும். "இன்ன மணிக்கு இன்ன கணினியில் இது தெரிந்தது, இந்த ஐபி முகவரியிலிருந்து இணைப்பு வந்திருக்கிறது, இத்தனை ஃபைல் பாதிப்பு." "சீன அரசு தாக்கிவிட்டது" என்று எழுதாதீர்கள். ஐபி முகவரி ஒரு நாட்டைக் காட்டுவதால் தாக்கியவர் அந்த நாட்டில் இருக்கிறார் என்று ஆகாது, அந்த நாட்டில் இருந்தாலும் அந்த அரசுதான் செய்தது என்று ஆகாது. இந்த மூன்றும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியவை, சர்வதேசச் சட்டம் முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. தவறான ஒரு வரி உங்களுக்கே எப்படிப் பாதகமாக வரும் என்பதை இன்சூரன்ஸ் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி புதிதில்லை. செக்போஸ்ட் பக்கம் இரண்டு வண்டி மோதினால் கேரளா ஸ்டேஷனா தமிழ்நாடு ஸ்டேஷனா என்று நடு ரோட்டில் அரை நாள் போகும். சைபர் தாக்குதலில் இது இன்னும் சிக்கல்: ஆபீஸ் கொழிஞ்சாம்பாறையில், மில் பொள்ளாச்சியில், பேங்க் கணக்கு கோயம்புத்தூரில், மெயில் சர்வர் வெளிநாட்டில், தாக்கியவர் எங்கே என்றே தெரியாது.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்பதைப் பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், ஜீரோ எஃப்ஐஆர் என்று அதைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். மெயிலில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். "இது எங்க லிமிட் இல்லைங்க" என்றால் பிரிவு எண்ணை மரியாதையாகச் சொல்லுங்கள். தாக்கியவர் வெளிநாட்டில் இருந்தாலும், இந்தியாவில் இருக்கும் கணினி சம்பந்தப்பட்டிருந்தால் தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டத்தின் 75-ஆம் பிரிவு நம் சட்டத்தை அங்கேயும் நீட்டுகிறது. விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். பாலக்காட்டில் சைபர் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, நேராக அங்கே போவது நல்லது. ஆன்லைனில் என்றால் தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்.

சேமித்த லாக், படம், மெயில் எல்லாம் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்றால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹேஷ் மதிப்பு எழுதும் இடம் உண்டு. ஹேஷ் என்பது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீளமான எண், உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். ஃபைலை எடுத்த அன்றே ஹேஷ் போட்டு அந்த நோட்டில் எழுதிவிட்டால், ஆறு மாசம் கழித்து "இதை நீங்களே மாற்றியிருக்கலாமே" என்று யாரும் சொல்ல முடியாது.

பணம் போயிருந்தால்

மேலே சொன்னது எல்லாவற்றுக்கும் முன்னால் 1930-ஐ அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே நிறுத்துவதற்கான எண் அது, இதில் நிமிஷம்தான் கணக்கு. பேங்குக்கும் எழுத்தில் கொடுங்கள். உங்கள் தவறோ பேங்கின் தவறோ இல்லாமல் வேறெங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் மேல் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் பேங்க் 2017 ஜூலையில் சுற்றறிக்கை போட்டது.

சீக்கிரம் சொல்வதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் கும்பகோணமே உதாரணம். 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பேங்கில், வெளிநாட்டு பேங்குகளுக்குப் பண உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள் மூன்று பரிமாற்றங்களில் ஏறக்குறைய 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக்குத் தள்ளினார்கள். ஒன்று துபாய்க்கு, ஒன்று துருக்கிக்கு, ஒன்று சீனாவுக்கு. காலையில் கணக்கு ஒத்துப் பார்க்கும்போது பேங்க் அதைக் கண்டுபிடித்தது. துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் அப்போது நியூயார்க் பேங்கில்தான் நின்றுகொண்டிருந்தது, அங்கேயே தடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் கணக்குப் பார்க்கும் பழைய பழக்கம் அந்தப் பணத்தைக் காப்பாற்றியது.

தேங்காய்நார், நார்த்தூள் அனுப்புகிறவர்களுக்கு வருவது வேறு மாதிரி. உங்கள் மெயிலுக்குள்ளோ, வாங்குபவர் மெயிலுக்குள்ளோ ஒருவன் வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். கப்பல் கிளம்பி, பில் போகும் அன்று, உங்கள் பெயரில், உங்கள் லெட்டர்ஹெட்டில், "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது, இதில் போடவும்" என்று ஒரு கடிதம் போகும். வாங்குபவர் பணத்தை மூன்றாவது நாட்டில் ஒரு கணக்கில் போட்டுவிடுவார். அங்கே அவர் கட்டிவிட்டேன் என்பார், இங்கே உங்களுக்கு வந்திருக்காது, சரக்கு கடலில் இருக்கும். அப்போது சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மெயிலில் பேசாமல், பழைய எண்ணில் ஃபோனில் கூப்பிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்கும் ரீகால் செய்தியை அவருடைய பேங்க் மூலமாக உடனே அனுப்பச் சொல்லுங்கள். பணம் கிளம்பியது அவர் பேங்கிலிருந்து என்பதால் அதைத் திரும்பக் கேட்க வேண்டியவரும் அவர்தான். அவர் நாட்டிலும் போலீஸ் புகார், இங்கே நீங்கள் ஒரு புகார், இரண்டிலும் ஒரே பரிமாற்ற எண். இப்படி ஜோடியாகப் பதிந்த புகார்களைத்தான் இரண்டு நாட்டு போலீஸும் சேர்த்து வைத்துப் பார்க்க முடியும்.

அதற்கு மேல் நம் போலீஸ் வெளிநாட்டிலிருந்து ஆதாரம் கேட்க இரண்டு வழி. முறையான வழி, உள்துறை அமைச்சகம் மூலமாகப் பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தத்தின்படி கேட்பது, அல்லது கோர்ட் வழியாக வேண்டுகோள் கடிதம் அனுப்புவது. இது நாளாகும், வருஷமும் ஆகும். அதுவரை அங்கே இருக்கும் சர்வரில் தகவல் அழிந்துபோகாமல் இருக்க, 24 மணி நேரமும் இயங்கும் தொடர்பு வலை ஒன்று நாடுகளுக்கு இடையில் உண்டு. இந்தியாவில் அதன் தொடர்பு மையம் சிபிஐ. இன்டர்போலுக்கும் சிபிஐதான். 2025 ஜனவரியில் தொடங்கிய பாரத்போல் போர்ட்டல் வழியாக மாநில போலீஸே சிபிஐக்குக் கோரிக்கையை அனுப்பலாம். உங்கள் புகாரை விசாரிக்கும் அதிகாரியிடம் "தகவலைப் பாதுகாத்து வைக்கும் கோரிக்கை போயிருக்கிறதா சார்?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி எது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. சைபர் குற்றத்துக்கான புடாபெஸ்ட் ஒப்பந்தம் 2001-இல் கையெழுத்துக்கு வந்து 2004-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா அதில் இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பர் 24 அன்று தனியாக ஒரு சைபர் குற்ற ஒப்பந்தத்தை ஏற்றது, 2025 அக்டோபரில் ஹனோயில் அது கையெழுத்துக்குத் திறக்கப்பட்டது. 40 நாடுகள் உறுதி செய்த பிறகே நடைமுறைக்கு வரும்.

திருப்பி அடிக்கலாமா?

கூடாது. நீங்களோ நானோ, நம் ஊர்ப் பையன்களோ யாரும் கூடாது. அடுத்தவர் கணினிக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் அது ஐடி சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் குற்றம், 3 வருஷம் வரை சிறை. "அவன் முதலில் செய்தான்" என்பதற்கு அதில் விலக்கு கிடையாது. அதோடு, லாக்கில் தெரியும் ஐபி முகவரி பெரும்பாலும் தாக்கியவருடையதாக இருக்காது, நம்மைப் போலவே மாட்டிக்கொண்ட வேறொரு கடையின் கணினியாகவோ யாரோ ஒருவர் வீட்டு கேமராவாகவோ இருக்கும். வேகத்தில் நீங்கள் அடிப்பது அவர்களைத்தான்.

தனி ஆளுக்கு மட்டும் இல்லை, நாடுகளுக்கும் இந்தத் தடை உண்டு. இதற்கு நான் எப்போதும் எடுத்துச் சொல்வது ஒரு பழைய கப்பல் வழக்கு. 1946 அக்டோபர் 22 அன்று அல்பேனியாவின் கரையை ஒட்டிய கார்ஃபு கால்வாயில் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணிவெடியில் மோதி 44 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே பிரிட்டன் அல்பேனியாவின் அனுமதி இல்லாமல் அந்த நீருக்குள் போய் கண்ணிவெடிகளைத் தேடி எடுத்தது, ஆதாரம் சேகரிக்கத்தான் போனோம் என்றது. சர்வதேச நீதிமன்றம் 1949-இல் தீர்ப்புச் சொன்னபோது இரண்டு விஷயங்களைச் சொன்னது. கண்ணிகளை அல்பேனியாதான் வைத்தது என்று நிரூபணம் இல்லை, ஆனால் தன் கண் முன்னால் இருக்கும் கடலில் அது நடந்தது அல்பேனியாவுக்குத் தெரியாமல் இருக்க முடியாது; தன் எல்லைக்குள்ளிருந்து அடுத்த நாட்டுக்குத் தீங்கு நடப்பதைத் தெரிந்தே அனுமதிக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. அதனால் 8,43,947 பவுண்டு நஷ்டஈடு கொடு. அதே தீர்ப்பில், பிரிட்டன் உள்ளே புகுந்து கண்ணி வாரியது அல்பேனியாவின் இறையாண்மையை மீறியது என்றும் சொன்னது. 44 பேரைப் பறிகொடுத்த நாடுதான், ஆனாலும் ஆதாரம் தேடி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தது தப்பு என்று ஆனது. கண்ணிவெடி இருந்த இடத்தில் சர்வரை வைத்துப் பாருங்கள், இன்றைய சைபர் சட்ட விவாதம் பாதி அங்கேயே இருக்கிறது.

அப்படியானால் நாடு என்ன செய்யலாம்?

கணினி உலகத்துக்கும் சர்வதேசச் சட்டம் பொருந்தும் என்பதை ஐ.நா. நிபுணர் குழு 2013-இல் ஒப்புக்கொண்டது. 2015-இல் 11 நெறிகளை எழுதியது: அடுத்த நாட்டின் மின்சாரம், தண்ணீர், ஆஸ்பத்திரி போன்ற அடிப்படைக் கட்டமைப்பைக் கெடுக்கக் கூடாது, அவசர கால சைபர் குழுக்களைத் தாக்கக் கூடாது, பாதிக்கப்பட்ட நாடு உதவி கேட்டால் செவிசாய்க்க வேண்டும். நெறிகள்தான், கட்டாயச் சட்டம் இல்லை.

சட்டப்படி பார்த்தால் ஒரு நாட்டின் கையில் மூன்று படிகள் இருக்கின்றன. முதல் படிக்குப் பெரிய நிரூபணம்கூட வேண்டாம்: தூதரை வெளியேற்றுவது, உறவை முறிப்பது, விசா மறுப்பது போன்றவை, கசப்பாக இருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டவை. 2022-இல் அரசு இணையச் சேவைகள் தாக்கப்பட்டபோது அல்பேனியா, ஈரான்தான் காரணம் என்று சொல்லி செப்டம்பர் 7 அன்று தூதரக உறவை முறித்துக்கொண்டது இந்த வகை.

இரண்டாவது படி எதிர்நடவடிக்கை. சாதாரணமாகச் செய்யக்கூடாத ஒன்றை, எதிராளி சட்டத்தை மீறியதால், அவனை வழிக்குக் கொண்டுவர மட்டும் செய்வது. ஐ.நா. சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் எழுதிய அரசுப் பொறுப்பு விதிகள் இதற்குக் கடுமையான கட்டுப்பாடு போடுகின்றன: பாதிக்கப்பட்ட நாடு மட்டும், பொறுப்பான நாட்டின் மேல் மட்டும், முதலில் நிறுத்து என்று சொல்லிவிட்டு, இழப்புக்கு மிஞ்சாத அளவில், முடிந்தவரை திரும்பப் பெறக்கூடிய விதத்தில், ஆயுத பலம் இல்லாமல். நட்பு நாடும் சேர்ந்து செய்யலாமா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. எஸ்டோனியா 2019-இல் செய்யலாம் என்றது, அதே வருஷம் பிரான்ஸ் கூடாது என்றது.

மூன்றாவது, ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவில் உள்ள தற்காப்பு உரிமை. இது ஆயுதத் தாக்குதலுக்குச் சமமான அளவில் நடந்தால்தான். அணை மதகைக் கணினி வழியாகத் திறந்துவிட்டு ஊர் மூழ்கி உயிர் போனால் அந்தப் பேச்சு வரும். வெப்சைட் முடங்கியதற்கோ, தகவல் திருடு போனதற்கோ வராது. 2007-இல் எஸ்டோனியாவின் பேங்க், பத்திரிகை, அரசுத் தளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டபோதும் அது உறுப்பினராக உள்ள நேட்டோ ராணுவக் கூட்டணி, ஒரு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்ற தன் விதியைக் கையில் எடுக்கவில்லை. எஸ்டோனியா ரஷ்யாவிடம் சட்ட உதவி கேட்டது, ரஷ்யா மறுத்தது. கடைசியில் தண்டனை பெற்றது உள்ளூரில் இருந்த ஒரு மாணவர், 17,500 குரூன் (அப்போதைய எஸ்டோனியப் பணம்) அபராதம்.

இரண்டாவது படியிலும் மூன்றாவது படியிலும் கால் வைக்க வேண்டும் என்றால், அந்த நாட்டு அரசுதான் செய்தது என்று காட்ட வேண்டும். அரசின் சொந்த அமைப்பு செய்திருந்தால் நேரடிப் பொறுப்பு. ஏதோ ஒரு ஹேக்கர் கும்பல் என்றால், அரசின் உத்தரவின் பேரிலோ கட்டுப்பாட்டிலோ அது இயங்கியது என்று நிரூபிக்க வேண்டும். அமெரிக்கா ஆதரித்த கிளர்ச்சிக்காரர்கள் பற்றிய நிகரகுவா வழக்கில் 1986-இல் சர்வதேச நீதிமன்றம் வைத்த அளவுகோல் மிக உயரமானது, பணமும் பயிற்சியும் கொடுத்தது மட்டும் போதாது என்றது. வானாக்ரைக்கு வட கொரியா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அதிகாரப்பூர்வமாகச் சொல்ல டிசம்பர் 2017 ஆனது, அதாவது ஏழு மாசம். அந்த மாதிரி முடிவு ஒரு தலைநகரத்தில் உட்கார்ந்து யாரோ யோசித்துச் சொல்வது இல்லை, பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து வந்த வைரஸ் மாதிரிகளையும் லாக்குகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து வருவது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க் கணினி ஒன்றில் மால்வேர் (கெடுதல் செய்யும் மென்பொருள்) இருந்ததை அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டபோதும், செர்ட்-இன் செப்டம்பர் 4-ஆம் தேதியே கவனித்துச் சொல்லியிருந்தது தெரிந்தது. யாராவது கவனித்துச் சொன்னால்தான் மேலே எதுவும் நகரும். உங்கள் சொசைட்டியின் ரவுட்டர் லாக்கும், பேப்பரில் சுற்றி பீரோவில் வைத்த அந்த டிஸ்க்கும் அந்தக் குவியலில் ஒரு பகுதி. அதை ஃபார்மட் செய்துவிட்டு "அரசு ஏன் பதிலடி கொடுக்கவில்லை" என்று கேட்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

பணம் கட்டுவதா, இன்சூரன்ஸ் கேட்பதா

கட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. வானாக்ரையில் பணம் கட்டியவர் யார் என்று சரியாக அடையாளம் காணும் ஏற்பாடே அதில் இல்லை. கட்டும் முன் நோ மோர் ரான்சம் தளத்தில் பாருங்கள். டச்சு போலீஸும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016-இல் தொடங்கியது, பல ரான்சம்வேருக்கு இலவச சாவி வைத்திருக்கிறார்கள். பென் டிரைவில் எடுத்து வைத்த பூட்டிய ஃபைல் இங்கேயும் உதவும், அதை ஏற்றினால் எந்த வகை என்று சொல்லும். இன்றைக்குச் சாவி இல்லை என்றாலும் ஃபைல்களை வைத்திருங்கள், ஒரு வருஷம் கழித்து வரலாம்.

சைபர் இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் பாலிசியில் போர் விலக்கு, அதாவது போரால் வரும் இழப்புக்குப் பணம் கிடையாது என்ற பகுதியைப் படிக்க வேண்டும். 2017 ஜூனில் வந்த நாட்பெட்யா தாக்குதலில் மெர்க் என்ற மருந்து நிறுவனத்துக்கு 140 கோடி டாலர் இழப்பு. ரஷ்ய அரசு செய்தது, எனவே இது போர்ச் செயல் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிகள் மறுத்தன. நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மே மாதம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அதற்குள் லண்டனின் லாய்ட்ஸ் இன்சூரன்ஸ் சந்தை, 2023 மார்ச் 31 முதல் எழுதும் சைபர் பாலிசிகளில் அரசுகள் பின்னால் இருக்கும் தாக்குதல்களுக்குத் தெளிவான விலக்கு வேண்டும் என்று விதி போட்டுவிட்டது. ஆகவே ஆதாரம் இல்லாமல் "அந்த நாட்டு அரசு தாக்கியது" என்று உங்கள் புகாரில் நீங்களே எழுதினால், கம்பெனிக்கு மறுப்பதற்கான காரணத்தை உங்கள் கையெழுத்தோடு கொடுத்ததாக ஆகும்.

இன்றைக்கே செய்து வைக்க வேண்டியது

ஒரே ஒரு தாள். 1930, செர்ட்-இன் எண், பாலக்காடு சைபர் ஸ்டேஷன் எண், பேங்க் மேனேஜர் எண், ரவுட்டர் லாக் பார்க்கும் முகவரியும் அதன் வழிமுறையும், வெளிநாட்டு வாங்குபவர் ஒவ்வொருவரின் ஃபோன் எண்ணும். இதை அச்சடித்து கம்ப்யூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள், கணினிக்குள் மட்டும் வைத்திருந்தால் அன்றைக்குத் திறக்காது. பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம், அது பீரோவுக்குள் மூடிய கவரில் இருக்கட்டும்.

பேக்கப் ஒன்று வயர் இல்லாமல் தனியாகப் பூட்டி இருக்க வேண்டும். வேலை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள், பேக்கப் ஓடுகிறது என்று திரை காட்டினாலும் உள்ளே காலியாக இருந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். ரவுட்டர் லாக்கை மாசம் ஒரு முறை நகல் எடுத்து 180 நாளுக்கு வைத்திருங்கள். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். வானாக்ரை புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே அடைப்பு வெளியிட்டிருந்தது, மே வரைக்கும் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். சொசைட்டியில் செக்ரட்டரி மாறும்போது பீரோ சாவியோடு அந்தத் தாளையும் புதியவரிடம் கையில் கொடுத்து, ஒவ்வொரு எண்ணும் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவர் முன்னாலேயே ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.